ஓடும் நீரும் ஒளிபட்ட தகடும்

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு முகப்புப் படம் தேர்ந்தெடுக்கக் கூடிய கூட்டத்தில் இவ்வாண்டு ஒரு சிறு வழக்கு எழுந்தது. வழக்கிற்குப் பொருளாய் அமைந்தது, நம் ஜபல்பூருக்கு அணித்தே பேடாகாட்டில் நருமதை வீழும் துவாந்தார் அருவி. அவ்வருவியின் நிழற்படங்கள் இரண்டு மேசைமேல் கிடந்தன. ஒன்று சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் பல்லாண்டுகட்கு முன் பிடித்தது. மற்றொன்று நம் இளைஞர் ஒருவர் அண்மையில் பிடித்தது. இரண்டும் பிலிம் காமிராவால், விளக்கொளி ஏதுமின்றி, இயற்கை வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை. பெரியவரின் படத்தில் அருவி காய்ச்சிய பாலை ஆற்றும்போது விழும் தாரை போலத் தொங்கிற்று. இளைஞரின் படத்திலோ ஒவ்வொரு துளியும் கண்ணாடி மணியாய் அந்தரத்தில் நின்றது.

“மாமா, உங்கள் படத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது? பஞ்சுப் பொதியல்லவா இருக்கிறது!” என்றார் இளைஞர். “தம்பி, உன் படத்தில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அது ஓடவில்லையே” என்றார் பெரியவர். அவையினர் நகைத்தனர். செயலாளர் அன்பர், எது மெய்யான நீர் என்று தீர்ப்புரைக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார். அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டி ஓய்வு பெற்ற எனக்குத் தீர்ப்புக் கூறும் தகுதி இல்லை. ஆயினும் இவ்வழக்கு நேற்று முளைத்ததன்று. நிழற்படக் கலையோடு உடன்பிறந்தது. அதன் வரலாற்றை அறிந்த அளவில் கூறுவதே ஈண்டு என் நோக்கம்.

முதற்கண் ஒன்று கூற விழைகிறேன். ‘துவான்’ என்றால் இந்தியில் புகை. ‘தார்’ என்றால் தாரை. காமிரா இந்நாட்டில் கால் வைப்பதற்கு முன்பே நருமதைக் கரையில் வாழ்ந்தோர் இவ்வருவியைப் புகைத் தாரை என்றே கண்டனர். காவிரியின்மேல் ஒகேனக்கல் உண்டு. கன்னடத்தில் ‘ஹொகே’ என்பது புகை, கல் நமக்குத் தெரிந்த கல்லே. ஆயிரம் கல் தொலைவில், வேறு மொழி பேசிய மக்கள், வேறோர் ஆற்றைக் கண்டு அதே பெயரை இட்டிருக்கின்றனர். நருமதை பிறக்கும் அமரகண்டகத்தில் ‘தூத்தாரா’, அதாவது பால் தாரை, என்றோர் அருவி உண்டு. கோவா எல்லையில் ‘தூத்சாகர்’ உண்டு. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனால் நம் பாலருவி. பாலென்றும் புகையென்றும் நீரைக் கண்டது மக்களின் வெறுங்கண். நம் கண்ணும் ஒளியை உடனுக்குடன் கணக்கெடுப்பதில்லை. வெளிச்சத்திற்கு ஏற்ப ஒரு நொடியில் முப்பதிலொரு பங்கு முதல் பத்திலொரு பங்கு வரை வந்த ஒளியைச் சேர்த்தே ஒரு காட்சியாய்க் கொள்கிறது. ஆதலின் விரைந்து வீழும் துளி நம் கண்ணுக்குத் துளியாய்த் தோன்றுவதில்லை, கோடாய்த் தோன்றுகிறது. பெரியவர் பக்கம் ஒரு சாட்சி சேர்ந்தது என்று அன்பர்கள் நினைக்கலாம். பொறுத்தருள்க, வழக்கு இன்னும் முடியவில்லை.

1838-ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் டாகேர் என்பவர் தம் வீட்டுச் சன்னலிலிருந்து ஒரு பெருவீதியைப் படம் பிடித்தார். வண்டியும் மக்களும் நெருங்கிய வீதி அது. ஆனால் அவருடைய வெள்ளித் தகட்டில் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. தகட்டுக்குப் பல நிமிடங்கள் ஒளி காட்ட வேண்டியிருந்தமையால், நடந்தவரும் ஓடிய வண்டியும் தடயமின்றி மறைந்தனர். ஓரிடத்தில் மட்டும் ஒரு மனிதர் தென்படுகிறார். காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள அசையாது நின்றவர் அவர். மனித உருவம் பதிந்த படங்களுள் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் அதுவே மிகப் பழையது என்பர். நின்றவர் நிலைத்தார், நடந்தவர் மறைந்தார். ஓடும் நீருக்கு அத்தகட்டில் என்ன கதி நேர்ந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ!

பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் வந்த நம்மனோர்க்கு அப்படத்தைக் காணும்போது ஏனோ நெஞ்சில் ஒரு நெருடல் உண்டாகிறது. அது நிற்க.

1851-இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் ஈரத் தகட்டு முறையை வெளியிட்டார். காப்புரிமை கோராது உலகுக்கே வழங்கிவிட்டு 1857-இல் வறுமையில் மாண்டார். அவர் கண்ட முறை இது. வெடிப்பஞ்சை ஈதரிலும் ஆல்ககாலிலும் கரைத்து, அயோடைடு உப்புக் கலந்து, அக்குழம்பைக் கண்ணாடித் தகட்டின்மேல் ஊற்றிப் பரப்புவர். அது காயுமுன் இருட்டில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்துவர். ஈரம் சொட்டச் சொட்டத் தகட்டைக் காமிராவில் பொருத்தி ஒளி காட்டி, உடனே கூடாரத்திற்கு ஓடி உருத்துலக்கி, நிலைப்படுத்திக் கழுவ வேண்டும். எல்லாம் கால் மணி நேரத்துள் முடிய வேண்டும். வெப்ப நாட்டில் அவ்வளவு அவகாசமும் கிடையாது. காய்ந்த தகடு பயனற்றுப் போகும்.

இன்றைய பிலிம் அட்டைகளில் 100, 400 என்று வேக எண் பொறித்திருப்பதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். அக்கணக்கில் ஈரத் தகட்டின் வேகம் ஏறத்தாழ 1 என்னலாம். நண்பகல் வெயிலிலேயே, லென்சின் துவாரத்தைச் சுருக்கினால், பல நொடிகள் ஒளி காட்ட வேண்டும். அன்று ஷட்டர் என்னும் கருவிக்குத் தேவையே எழவில்லை. லென்சின் மூடியைக் கையால் எடுப்பர்; வாய்க்குள் எண்ணுவர்; மீண்டும் மூடுவர். அத்தனை நொடிகளில் அருவி நீர் எத்தனை முறை விழுந்து ஓடியிருக்கும்! அக்காலத்து மலையருவிப் படங்கள் யாவும் பால் போலவும் மெல்லிய துகில் போலவும் இருப்பது எவருடைய கலையுள்ளத்தாலும் விளைந்ததன்று. வெள்ளி உப்பின் மந்தத்தால் விளைந்தது. பிற்காலத்தவர் அதனைக் கண்டு அழகென்று கொண்டாடினர். குறை குணமாயிற்று.

எனினும் அக்காலத்திலேயே கடல் அலையைப் பிடித்து நிறுத்தியவர் சிலர் உண்டு. வேல்சு நாட்டில் ஜான் டில்வின் லெவெலின் என்பவர் 1850-களின் முற்பகுதியில் கரையில் உடையும் அலைகளைப் படமெடுத்தார். 1855-இல் பாரிசுப் பொருட்காட்சியில் அவ்வகைப் படங்களுக்காக வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவருக்குப் பின் பிரெஞ்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே 1856 முதல் கடற்படங்கள் எடுத்துப் புகழின் உச்சியை எட்டினார். செத் என்னும் துறைமுகத்தில் 1857-இல் அவர் எடுத்த ‘பேரலை’ இன்றும் அறிஞர் வியக்கும் படம்.

அருவியை நிறுத்த முடியாத ஈரத் தகடு அலையை மட்டும் எவ்வாறு நிறுத்திற்று? விடை நுட்பமானது. ஈரத் தகடு நீல ஒளியை மட்டுமே நன்குணரும். பச்சையும் சிவப்பும் அதற்கு இருளே. கடற்கரையிலோ வானும் நீரும் நீல ஒளியைக் கொட்டுகின்றன. நிழல் என்பதே இல்லை. கதிரவனை எதிர்நோக்கி எடுத்தால் அலையின் முகட்டில் மின்னும் ஒளி தகட்டை நொடிக்குள் கருக்கிவிடும். மேலும் அலை தொலைவிலிருந்து காமிராவை நோக்கி வருவது. தகட்டின்மேல் அதன் உருவம் நகரும் தொலைவு சிறிது. காட்டுக்குள் பாறை நிழலில் பச்சை இலைகளுக்கு நடுவே செங்குத்தாய் வீழும் அருவிக்கு இச்சலுகைகளில் ஒன்றேனும் இல்லை. மண்ணும் நீரும் மாறவில்லை. வெளிச்சத்தின் நிறமும் நீர் செல்லும் திசையுமே வேறுபட்டன.

அவ்வளவு நீல உணர்ச்சியால் மற்றொரு தொல்லையும் நேர்ந்தது. கடலுக்குப் போதுமான ஒளி காட்டினால் வானம் தகட்டில் மிகைப்பட்டுப் படத்தில் வெறும் வெள்ளையாய் நின்றது. லெ கிரே கடலுக்கொரு நெகடிவும் வானுக்கொரு நெகடிவும் எடுத்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து ஒரே தாளில் படியெடுத்தார். ‘பேரலை’யும் அவ்வாறு இணைத்ததே. ஆக, உலகம் போற்றும் அப்படத்தில் அலைக்கும் மேலுள்ள மேகத்திற்கும் நேரில் அறிமுகமே இல்லாமல் இருக்கலாம். துளி தெளிவாய்த் தெரிவதாலேயே படம் மெய் என்று வாதிடும் இளைஞர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அலையை நிறுத்திய லெ கிரே வாழ்வில் நிலைகொள்ள முடியாமல் கடன்பட்டு, பாரிசைவிட்டு நீங்கி, இறுதி இருபதாண்டுகளை எகிப்தில் கழித்து 1884-இல் கெய்ரோவில் மறைந்தார்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். பம்பாயில் 1854-இலும், கல்கத்தாவிலும் சென்னையிலும் 1856-இலும் நிழற்படச் சங்கங்கள் தோன்றின. சென்னை அரசாங்கம் லின்னேயசு டிரைப் என்னும் படைத்தலைவரைத் தன் நிழற்படக்காரராய் அமர்த்திற்று. அவர் 1858-இல் மதுரை, திருவரங்கம், தஞ்சை முதலிய ஊர்களைப் படமெடுத்தார். வைகையையும் அதன்மேல் செல்லும் தாம்போதியையும் அப்பால் விளங்கும் மதுரையையும் ஒரு படத்தில் காட்டினார். கண்ணாடியன்று, மெழுகேற்றிய காகிதமே அவருடைய நெகடிவ். அது ஈரத் தகட்டினும் மந்தமானது. வானத்தில் மேகம் பதியாத குறையை நெகடிவின்மேல் வண்ணம் தீட்டி நிரப்புவது அவர் வழக்கம். 1859-இல் சென்னை ஆளுநராய் வந்த டிரெவெலியன் இதெல்லாம் வீண் ஆடம்பரம் என்று கருதியமையால் அப்பதவியே ஒழிந்தது. நம் கோயில்களுக்கும் ஆறுகளுக்கும் அவ்வாடம்பரம் இன்னும் பத்தாண்டு நீடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓடும் நீரைத் தேடி இந்நாட்டில் நெடுந்தொலைவு நடந்தவர் சாமுவேல் பூர்ன். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்தில் வங்கி எழுத்தராயிருந்த அவர், அவ்வேலையை உதறிவிட்டு 1863-இல் கல்கத்தா வந்திறங்கிச் சிம்லா சென்றார். இமயத்திற்குள் மூன்று பெரும்பயணங்கள் செய்தார். 1863-இல் சட்லெஜ் பள்ளத்தாக்கு, 1864-இல் காசுமீரம், 1866-இல் குலு, லாகூல், சுபிட்டி வழியாய்ச் சென்று கங்கையின் பிறப்பிடம். அம்மூன்றாம் பயணத்தில் மணிரங் கணவாயில் ஏறத்தாழ 18,600 அடி உயரத்தில் ஈரத் தகட்டை ஊற்றிப் படமெடுத்தார். அவ்வுயரத்தில் அதற்குமுன் எவரும் அதனைச் செய்ததில்லை.

சுமைகளை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 12 அங்குலத்திற்கு 10 அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தகடுகள் பெட்டி பெட்டியாய், அவற்றிற்கேற்ற பெரிய காமிரா, முக்காலி, இருட்டுக் கூடாரம், ஈதர், ஆல்ககால், வெள்ளி நைட்ரேட்டுக் குப்பிகள், இவற்றோடு துரையின் உணவும் பானமும். முதற்பயணத்திலேயே ஏறத்தாழ 30 கூலியாட்கள் இச்சுமைகளைத் தூக்கினர். அவர்கள் வழியில் சுமையை வைத்துவிட்டு ஓடிப்போனதையும், தாம் தடியெடுத்துத் திருப்பிக் கொணர்ந்ததையும் பூர்ன் தாமே இலண்டன் நிழற்படப் பத்திரிகையில் கூச்சமின்றி எழுதினார். ஏறிய உயரம் ஏட்டில் இருக்கிறது; லென்சின் விவரம் இருக்கிறது; தூக்கியவர் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. டாகேரின் வீதியில் நடந்து மறைந்தவரைப் போல் அவர்களும் தகட்டில் பதியாமல் போயினர்.

ஈரத் தகட்டுக்காரருக்கு நீர் காட்சிப் பொருள் மட்டுமன்று, தொழிற் பொருளுமாகும். உருத்துலக்கியபின் தகட்டை நன்னீரில் கழுவாவிட்டால் உப்புத் தங்கிப் படம் நாளடைவில் கெடும். எதனைப் படம் பிடித்தாரோ அதே ஆற்று நீரை மொண்டு வந்து அப்படத்தைக் கழுவினார். பனிப்பாறை உருகி வரும் ஆறு பாறைப் பொடியால் கலங்கியிருக்கும். வடிகட்டித் தெளிய வைத்தாலன்றித் தகட்டில் மணல் ஒட்டும். பிற்காலத்துப் பிலிமுக்கும் இந்தத் தொல்லை தீரவில்லை. பிலிமை உருத்துலக்க 20 பாகை செல்சியசு என்பது பொதுவிதி. வைகாசி மாதத்து ஜபல்பூர்க் குழாய் நீரில் கை வைத்தவர்க்கு அவ்விதியின் கொடுமை விளங்கும்! வெப்ப நீரில் பிலிமின்மேலுள்ள ஜெலட்டின் இளகும். திடுமெனக் குளிர்நீரில் இட்டால் சுருங்கிச் சுருக்கம் விழும். கோடையில் பனிக்கட்டி வாங்கி வாளியில் மிதக்கவிட்டுப் பிலிம் கழுவிய குடும்பங்கள் நம் சங்கத்திலேயே உண்டு.

பூர்ன் கோமுகத்தில் எடுத்த படத்தில் பனிப்பாறையின் வாயிலிருந்து கங்கை வெளிப்படுகிறாள். பாய்ந்து வரும் நீர் வெண்ணிறத் தடமாய் மங்கியிருக்கிறது. அலையோ நுரையோ தனித்துத் தெரியவில்லை. ஆனால் அசையாத பனிச்சுவரின் பிளவுகளும் கரைப்பாறைகளின் விளிம்பும் ஊசி முனைபோல் கூர்மையாய் நிற்கின்றன. 1935-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜான் ஆடன் அங்குச் சென்று பனிமுகத்தின் எல்லையை அளந்து நிலப்படம் வரைந்தார். அதன்பின் பன்முறை அளவைகள் நடந்தன. பனிமுகம் மேன்மேலும் பின்வாங்கி வருவது உறுதிப்பட்டது. அளவைக்கு முந்திய காலத்தைப் பற்றி வினவுவோர்க்கு 1866-ஆம் ஆண்டின் அத்தகடு ஒரு சாட்சி. நீரைக் காட்டத் தவறிய படம் நீரின் தாயாகிய பனியைக் காட்டித் தந்தது.

காசுமீரத்தில் பூர்ன் ஓடும் நீரைவிட நிற்கும் நீரையே மிகுதியும் நாடினார். ஏரியிலும் அமைதியான ஆற்றுப் பரப்பிலும் மரமும் வீடும் தலைகீழாய்த் தெரியும் காட்சிகள் அவருக்கு உவப்பு. இதிலும் தகட்டின் ஆணையே மேலோங்கியது போலும்! 1870-இல் அவர் இந்தியாவை விட்டுச் சென்றார். பூர்ன் அண்டு ஷெப்பர்டு என்னும் அவருடைய கல்கத்தா நிலையத்தில் 1991-இல் தீப்பற்றி எத்துணையோ படங்கள் அழிந்தன. 2016-இல் நிலையமே மூடப்பட்டது.

அடுத்து வந்த மாற்றம் விரைவானது. விரைவாகவே சொல்லிச் செல்வேன். 1871-இல் ரிச்சர்டு மாடாக்சு என்னும் மருத்துவர் ஜெலட்டினில் வெள்ளி புரோமைடு கலந்த உலர் தகட்டுக்கு வழிகாட்டினார். 1878-இல் சார்லசு பென்னட் அக்கலவையைச் சில நாள் இளஞ்சூட்டில் வைத்திருந்தால் அதன் வேகம் பன்மடங்கு பெருகுவதைக் கண்டார். கூடாரமும் ஈதர்க் குப்பியும் ஒழிந்தன. கையால் மூடி எடுத்து மூடும் பழக்கமும் ஒழிந்தது. எண்ணி முடிக்குமுன் தகடு கருகிவிடும் ஆதலின் ஷட்டர் இன்றியமையாததாயிற்று. 1873-இல் வோகெல் என்னும் செருமானியர் சாயமேற்றித் தகட்டுக்குப் பச்சை ஒளியை உணரக் கற்பித்தார். காட்டருவிக்கு விடிவு பிறந்தது. 1888-இல் ஈஸ்ட்மன் கோடக் பெட்டிக் காமிராவைக் கொணர்ந்தார். மறு ஆண்டு செல்லுலாய்டு பிலிம் வந்தது. 1925-இல் லைகா, 1954-இல் சிறு காமிராவிற்கென டிரை-எக்சு பிலிம். ஏறத்தாழ நூறாண்டில் வேகம் பல நூறு மடங்காயிற்று.

அப்போதுதான் நம் வழக்கு மெய்யாகவே பிறந்தது. அதுகாறும் நீர் பாலாய்த் தெரிந்தது விதி. இனி அது விருப்பம். ஒரு கணக்கால் இதனை விளக்குவேன். 5 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் நீர் அடிமட்டத்தை எட்டும்போது நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் விரைவில் செல்லும். ஷட்டர் 1/1000 நொடி திறந்தால் துளி 1 சென்டிமீட்டர் நகரும். படத்தில் மணியாய் நிற்கும். ஒரு நொடி திறந்தால் 10 மீட்டர். துளி என்பதே இல்லை, தாரைதான். 1/50 நொடியானால் 20 சென்டிமீட்டர். அது மணியுமன்று, பட்டுமன்று.

அந்த 1/50-இன் பயனை நான் அனுபவித்திருக்கிறேன். 1970-களின் பிற்பகுதியில் இவ்வூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், ஒரே ஷட்டர் வேகமுள்ள எளிய காமிராவோடு நண்பகலில் துவாந்தாருக்குச் சென்று ஒரு சுருள் முழுவதையும் தீர்த்தேன். ஊரிலிருக்கும் தாயாருக்கு நருமதையை அனுப்ப வேண்டும் என்ற ஆசை. கழுவி வந்த படங்களில் அருவி இருந்த இடத்தில் வடித்த கஞ்சியைக் கொட்டியது போல் ஒரு வெள்ளைத் திட்டு. சுற்றிலும் கரிய பாறை. கழுவிய கடைக்காரரை மனத்துக்குள் வைதேன். குற்றம் அவருடையதன்று என்று அறிய எனக்கு ஆண்டுகள் பல பிடித்தன. உச்சி வெயிலில் நுரைக்கும் நிழற்பாறைக்கும் இடையேயுள்ள வெளிச்ச வேற்றுமை பிலிமின் தாங்கு திறனைக் கடந்தது. பாறைக்குப் போதுமான ஒளி நுரைக்கு மிகையாயிற்று. தாயார் அப்படத்தைப் பூசையறையில் வைத்திருந்தார். ஊருக்குச் சென்றபோது, “இதில் எது அம்மா நருமதை?” என்று கேட்டேன். “அந்த வெள்ளைதான்” என்றார்.

பிற்காலத்தில் பெரியவரே எனக்கு நெறி கற்பித்தார். 50 வேகமுள்ள பிலிமில், வெயிலில், துவாரத்தை 16-க்குச் சுருக்கினாலும் 1/50 நொடிதான் கிடைக்கும். பாலை விரும்புவோர் வெயிலில் செல்லலாகாது. கதிரவன் பாறைகளுக்கு மேல் எழுமுன், வெளிச்சம் முப்பதிலொரு பங்காய் இருக்கும் வேளையில், அதே துவாரத்தில் அரை நொடிக்கு மேல் கிடைக்கும். 22-க்குச் சுருக்கினால் ஒரு நொடி. முக்காலி வேண்டும், ஷட்டரைக் கையால் அழுத்தாமல் கம்பியால் இயக்க வேண்டும். பகலிலேயே எடுக்க விரும்பினால் நிறம் மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் சாம்பல் நிறக் கண்ணாடியை லென்சின் முன் பூட்டலாம். ஆனால் நேரம் நீள நீளப் பிலிம் சோர்வடையும். வானியலறிஞர் கார்ல் சுவார்சுசில்டு 1900-ஐ ஒட்டி விண்மீன்களைப் படமெடுக்கும்போது இச்சோர்வை அளந்து விதி வகுத்தார். மீட்டர் 10 நொடி என்று காட்டினால் 50 நொடி கொடுக்க வேண்டிய பிலிம்களும் உண்டு. விண்மீனுக்குக் கண்ட விதி அருவிக்கும் பொருந்துகிறது! மீட்டரை நுரையின்மேல் காட்டினால் அது நுரையைச் சாம்பலாக்கச் சொல்லும். பாறையின்மேல் காட்டினால் நுரையை எரித்துவிடும். நுரையை அளந்து அதனினும் இரண்டு படி கூடுதல் ஒளி கொடுத்தால் வெண்மையும் நிற்கும், வெண்மைக்குள் இழையும் நிற்கும்.

அப்பெரியவரின் படம் நம் நாட்டுப் பிலிமில் எடுத்தது என்பதை இங்கே குறிப்பிடாமல் விடலாகாது. 1960-இல் நிறுவப்பட்டு, 1967-இல் உதகமண்டலத்தில் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்சு ஆலையில் செய்த சுருள் அது. ‘இந்து’ என்பது அதன் வணிகப் பெயர். வடமொழியில் நிலவு என்று பொருள். குளிர்ச்சியும் தூசில்லாத காற்றும் பிலிம் செய்வதற்கு ஏற்றவை ஆதலின் நீலகிரி மலை அமைந்தது. தமிழ் மண்ணில் இருளறையில் வெள்ளி பூசப்பெற்ற பிலிம், நருமதைக் கரையில் ஒளிபட்டு, நருமதை நீரிலேயே கழுவப்பட்டது. 1990-களில் அவ்வாலை நலிவுற்றுப் பின்னர் மூடப்பட்டது. அங்கே உழைத்த குடும்பங்கள் பல கண்ணீரோடு கலைந்தன. பெரியவரிடம் காலியான ‘இந்து’ அட்டைப்பெட்டி ஒன்று இன்னும் இருக்கிறது. அதில் நெகடிவ்களைப் போட்டு வைத்திருக்கிறார்.

இரு படங்களுக்கும் இடையே நருமதையும் மாறிவிட்டாள் என்பதைக் கூட்டத்தில் எவரும் எண்ணவில்லை. ஜபல்பூருக்கு மேலே பர்கி அணையின் வேலை 1974-இல் தொடங்கி 1990-இல் முடிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் நீரில் மூழ்கின. அதன்பின் கோடையில் துவாந்தாரில் எவ்வளவு நீர் வீழ்வது என்பது மழையை மட்டும் பொறுத்ததன்று. அணையின் மதகையும் பொறுத்தது. மழைக்காலப் பெருவெள்ளத்திலோ கீழ்ப்பள்ளம் நிரம்பி அருவியே மறைந்துபோகும். பெரியவரின் படம் அணை எழும்பி முடிவதற்கு முந்திய ஒரு மாசி மாதத்துக் காலையில் எடுத்தது. இளைஞரின் படம் அணைக்குப் பிந்தையது.

வரலாறு தேடும் கண்ணோடு நான் இரண்டையும் மீண்டும் பார்த்தேன். பெரியவரின் படத்தில் துளி இல்லை. ஆனால் ஒரு நொடியில் அவ்விடத்தைக் கடந்த நீரனைத்தும் ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படிந்திருக்கிறது. எந்தப் பாறையின் தோள்வரை நீர் இருந்தது, எந்தப் பிளவின் வழியே மிகுதியாய்ப் பாய்ந்தது, எது வறண்டு கிடந்தது என்பன கோடு கிழித்தாற்போல் தெரிகின்றன. ஒரு துளியின் துள்ளல் அங்கே கணக்கில் வாராது, சராசரியே நிற்கும். இளைஞரின் படத்திலோ அந்த எல்லைக்கோடு தெரியவில்லை. நுரை எங்கும் சிதறுகிறது. ஆனால் நீரின் சினம் தெரிகிறது. எவ்வளவு உயரம் துளி எழும்பிற்று, காற்று எப்பக்கம் வீசிற்று என்பதும் தெரிகிறது. முன்னது எவ்வளவு நீர் என்பதற்குச் சாட்சி. பின்னது எவ்வாறு வீழ்ந்தது என்பதற்குச் சாட்சி. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை அறியாமல் இரண்டில் எதனையும் குறுக்கு விசாரணை செய்ய இயலாது.

ஆதலின் செயலாளரிடம் என் கருத்தைத் தெரிவித்தேன். பெரியவரின் படம் முன்னட்டையிலும் இளைஞரின் படம் பின்னட்டையிலும் அச்சாகட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் எடுத்தவர் பெயரோடு மாதமும், ஷட்டர் நேரமும், அணைக்கு முன்னா பின்னா என்பதும் குறிக்கப்படட்டும் என்றேன். செயலாளர் ஒப்புக்கொண்டார். பெரியவர் தம் குறிப்பேட்டைத் தேடி எடுத்து, “22, ஒரு நொடி, வெயில் வருமுன்” என்று படித்துக் காட்டினார். இளைஞர் அதனை எழுதிக்கொண்டு, மறு ஞாயிறு விடியற்காலையில் தம்மையும் அங்கே அழைத்துச் செல்லுமாறு கேட்டார். முக்காலியைத் தான்தான் தூக்க வேண்டும் என்று பெரியவர் நிபந்தனை விதித்திருக்கிறார் என்று கேள்வி.